காமன் ரெயில் டீசல் இன்ஜின்: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, சூடாக இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆக மறுப்பது ஏன்?

முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெயில் பிரஷர், அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் உள்ள அழுத்தம். செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் ஏறத்தாழ 200 முதல் 250 பார் அழுத்தம் சேராவிட்டால், பெரும்பாலான இன்ஜின்களில் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) இன்ஜெக்டர்களைத் திறக்கவே திறக்காது. சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். தேய்ந்த இன்ஜெக்டர் வழியே, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனுக்குக் கசிவது கூடும். செல்ஃபின் குறைந்த வேகத்தில் பம்ப்பால் அதை ஈடுகட்ட முடியாது. ஆறியதும் வண்டி கிளம்பிவிடுவது இதனால்தான்.

ஈசியுவின் தகவலைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில், செல்ஃப் அடிக்கும்போதே ரெயில் பிரஷரையும் இன்ஜின் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேகம் பூஜ்யம் என்றால் இன்ஜின் சுற்றும் வேகத்தை அளக்கும் கிராங்க் சென்சாரைக் கவனியுங்கள். சூட்டில் மட்டும் சிக்னல் தராமல் போகும் சென்சார்கள் நிறைய உண்டு. வேகம் வந்து பிரஷர் ஏறவில்லை என்றால், ஃபில்டர் அடைப்பு, லைனில் காற்று இரண்டையும் சரிபார்த்துவிட்டு ரிட்டர்ன் டெஸ்டுக்குப் போங்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அளவு குப்பி மாட்டி, ரிட்டர்னில் வரும் டீசலைப் பிடியுங்கள். மற்றவற்றைவிடத் தெளிவாக அதிகம் நிரப்புவதே குற்றவாளி. எல்லாம் சமமாகக் குறைவாக இருந்தால் பம்ப், அதற்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரெயிலின் ரிலீஃப் வால்வு பக்கம் திரும்புங்கள்.

ஸ்கேனர் காட்டும் பிரஷரையும் அப்படியே நம்ப வேண்டாம். சாவி ஆன், இன்ஜின் நின்ற நிலையில் ரெயில் சென்சார் சிக்னல் சுமார் 0.5 வோல்ட் இருக்க வேண்டும்.

பழைய இன்ஜின்களில் செய்த பழக்கத்தில், இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.