பாதி வழியில் ஊன்றி நிற்கும் மட்டக்குதிரை

கேள்வி: எங்கள் மட்டக்குதிரைக்கு இரண்டரை வயது. ஆண், காயடித்தாயிற்று. லாயத்திலிருந்து மேய்ச்சல் திடலுக்குக் கூட்டிப்போகும்போது பாதி வழியில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடுகிறான். இழுத்தால் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறான். திடல் கண்ணில் பட்டதும் என்னையே இழுத்துக்கொண்டு ஓடுகிறான். கேரட் காட்டிப் பார்த்தேன். இப்போது கேரட் இல்லாவிட்டால் சட்டைப் பையைக் கடிக்கிறான். இவனைத் தானே பிடித்து நடத்த வேண்டும் என்று என் பத்து வயது மகளுக்கு ஆசை. இவனைத் திருத்த முடியுமா?

பதில்: முடியும். நீங்கள் எழுதியதைப் படித்தால் இவன் மந்தமானவனாகத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்ததை உடனே பிடித்துக்கொள்கிற புத்தி இவனுக்கு இருக்கிறது. சொல்லிக்கொடுத்த பாடம்தான் வேறாகப் போய்விட்டது.

நடப்பதைக் குதிரையின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவன் நிற்கிறான், நீங்கள் இழுக்கிறீர்கள், அவன் அசையவில்லை, கை வலித்துக் கயிற்றைத் தளர்த்துகிறீர்கள். தலையில் இருந்த இறுக்கம் போய்விட்டது. எப்போது போனது? அவன் நின்றுகொண்டிருந்தபோது. பிறகு கேரட் வந்தது, அதுவும் நின்றபோதுதான். திடலருகே இழுத்துக்கொண்டு ஓடினான், வாய் நிறையப் புல் கிடைத்தது. இறுக்கத்தினால் குதிரை எதையும் கற்பதில்லை. அந்த இறுக்கம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததையே சரியென்று எடுத்துக்கொள்கிறது. இந்தப் பழக்கம் முழுவதும் இதற்குள் அடங்கும். கயிற்றை இழுப்பது யாருக்கும் வரும், விடும் நேரத்தைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: வலி. இரண்டரை வயது என்பது நடு முன்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கும் காலம். வாயும் தாடையும் நொந்திருக்கும்போது ஹால்டரை, அதாவது தலையில் மாட்டிக் கயிறு கட்டும் பட்டையை, இழுத்தால் எந்தக் குட்டியும் தலையைத் தூக்கும். அடுத்தது குளம்பு. லேமினைடிஸ் என்கிற குளம்பு அழற்சி மட்டக்குதிரைகளுக்கு எளிதில் வரும், அதுவும் செழித்த புல்லில் மேய்கிறவற்றுக்கு. கெட்டித் தரையில் குட்டிக் குட்டி அடியாக வைப்பது, திரும்பத் தயங்குவது, எடையைப் பின்னுக்குத் தள்ளி முன்னங்கால்களை நீட்டி நிற்பது, குளம்பு சூடாக இருப்பது, கணுக்காலின் பின்புறம் விரல் வைத்தால் நாடி பலமாகத் துடிப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அவனை நடத்த வேண்டாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மண்தரையில் வருகிறவன் கல் நிறைந்த இடத்தில் மட்டும் நின்றாலும் முதலில் குளம்பைத்தான் பார்க்க வேண்டும்.

பயந்து நிற்பதும் உண்டு. அப்போது தலை உயர்ந்திருக்கும், காதுகள் ஒரே பக்கம் குத்திட்டு நிற்கும், மூக்கு விரிந்திருக்கும். அந்த நேரத்தில் இழுக்காதீர்கள். பார்க்க விடுங்கள், மூச்சு இறங்கட்டும், பிறகு ஓர் அடி கேளுங்கள். காது தொங்கி, ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வாக நிற்கிறான் என்றால் அது பயம் இல்லை. கீழே சொல்வது அந்த நிற்றலுக்கு.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஹால்டரின் மூக்குப்பட்டை கன்ன எலும்புக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கின் மென்மையான பகுதியை அழுத்தும். சுமார் மூன்று மீட்டர் நீளமுள்ள தடித்த பருத்திக் கயிறு ஒன்று, ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள மெல்லிய பிரம்பு ஒன்று. கையுறை, தலைக்கவசம், கனமான ஷூ. மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. மடித்து, மடிப்பின் நடுவில் பிடியுங்கள். சுற்றிய கயிறு இறுகினால் விரல் போகும். மூக்கின் மேல் சங்கிலி போடச் சொல்கிறவர்கள் இருப்பார்கள். இளங்குட்டிக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து, அது பெரும்பாலும் தலையைத் தூக்கத்தான் கற்றுக்கொடுக்கும்.

முதல் பாடத்தைத் திடலுக்குப் போகும் வழியில் வைக்காதீர்கள். வேலி அடைத்த இடத்தில், அவன் சற்று ஓடி விளையாடித் தீர்த்த பிறகு தொடங்குங்கள். இடது பக்கம் நின்று, கயிற்றைக் கொக்கிக்கு ஒரு சாண் கீழே பிடியுங்கள். முன்பக்கமாக மெல்ல இறுக்கம் கொடுங்கள். வெட்டி இழுக்கக் கூடாது, சாய்ந்து தொங்கவும் கூடாது. அவன் தலையைத் தூக்குவான், கழுத்தை விறைப்பான். கை அதே அளவில் இருக்கட்டும், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இப்போது முகத்தை விட்டுவிட்டு அவன் நெஞ்சைப் பாருங்கள். கால் எழும்புவதற்கு முன்பே எடை நகர்வது அங்கே தெரியும்; தோள் ஒரு விரல் அளவு முன்னால் வரும், பிறகு முழங்கால் மடியும். அந்த நொடியில் விரல்களைத் திறந்துவிடுங்கள். முழு அடி வைக்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் தவறிவிடும். கழுத்தைத் தடவிக் கொடுத்து, இரண்டு மூச்சு நேரம் சும்மா நின்று, மறுபடி கேளுங்கள். சிறிது நேரத்தில் கயிறு இறுகும் முன்பே கால் எழும்பத் தொடங்கும். அதே முறையில் பின்னால் இரண்டு அடி, பக்கவாட்டில் ஓர் அடி. இறுக்கத்துக்கு இப்படி இணங்கக் கற்காத குட்டியைத் தூணில் கட்டவே கூடாது. பின்னால் பாய்ந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளும்.

இடையில் ஒருநாள் முன்பைவிட மோசமாக நடந்துகொள்வான். இத்தனை நாள் பலித்த வித்தை பலிக்காதபோது எந்த மிருகமும் முதலில் அதையே இன்னும் பலமாகச் செய்து பார்க்கும். பெரும்பாலானவர்கள் கைவிடுவது அந்த நாளில்தான். அன்றைக்குக் கைவிட்டால், பலமாக எதிர்த்தால் போதும் என்று அவனுக்குப் பாடமாகிவிடும்.

நடத்தத் தொடங்கியதும் நீங்கள் நிற்கும் இடம் முக்கியம். தலைக்கு முன்னால் போய்த் திரும்பி அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு இழுப்பதுதான் எல்லாருக்கும் வரும் பழக்கம். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும், நெற்றிக்கு நேர் முன்னால் உள்ள சிறு பகுதியும் வாலுக்கு நேர் பின்னால் உள்ளதும்தான் தெரியாது. அந்த மறைவிடத்தில் நின்று இழுக்கிறவர் வழியை அடைத்து நிற்கிறவரும்கூட. தலைக்கும் தோளுக்கும் நடுவில் நின்று, போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். ‘நட’ என்று ஒரே சொல் சொல்லி நீங்கள் முதலில் அடி எடுத்து வையுங்கள். வரவில்லையா, இடது கையில் உள்ள பிரம்பை உங்கள் முதுகுப்பக்கமாக நீட்டி விலாவின் பின்பகுதியில் தட்டுங்கள். அடிக்கச் சொல்லவில்லை. ஈ உட்கார்வதுபோல் தொடங்கி, நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தால் போதும், முதல் அடி வைத்ததும் சட்டென்று நிறுத்திவிடுங்கள். சொல், பிறகு தட்டு என்ற வரிசை மாறாமல் இருந்தால் சில நாளில் சொல்லே போதும் என்றாகிவிடும். இத்தனையையும் வலது பக்கம் நின்றும் செய்யுங்கள். இடது பக்கம் கற்றது வலது பக்கம் தானாக வந்துவிடாது.

அப்படியும் ஊன்றிவிட்டால் நேராக இழுத்துப் போராடாதீர்கள். சிறிய மட்டக்குதிரைகூட 200 கிலோ இருக்கும். நேர்கோட்டில் அது ஊன்றினால் நீங்கள் ஜெயிக்க முடியாது. தலையைப் பக்கவாட்டில் உங்களை நோக்கி வாங்கி, தோளைச் சரிய விடுங்கள். விழாமல் இருக்க ஒரு முன்னங்காலை எடுத்து வைத்தே ஆகவேண்டும். அந்தக் காலுக்குக் கயிற்றைத் தளர்த்திவிட்டு, அப்படியே வட்டமாக நடத்திக் கொண்டுபோங்கள். பின்னால் போனால் நீங்களும் கூடவே போங்கள். கயிற்றில் அதே இறுக்கம் இருக்கட்டும், அவன் நின்றதும் தளர்த்துங்கள்.

இழுத்துக்கொண்டு ஓடுவதை ஓடத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியாது. அவன் தோள் உங்களைத் தாண்டும்போதே, கழுத்து இறுகும்போதே பிடிக்க வேண்டும். நிறுத்தி, இரண்டடி பின்னால் கேட்டு, கயிறு தொய்ந்தபிறகு நடங்கள். பத்தடிக்கு ஒருமுறை இப்படிச் செய்ய நேரும். முதல் வாரம் திடலுக்குப் போய்ச்சேரவே பொழுது போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பும்போது தலையை உங்களிடமிருந்து அப்பால் தள்ளித் திருப்புங்கள். உங்களை நோக்கித் திருப்பினால் காலை மிதிப்பான், தோளால் இடிக்கவும் பழகுவான். வாசலைத் தாண்டியதும் அவனை வாசலை நோக்கித் திருப்பி நிறுத்தி, தலை தாழ்ந்தபிறகு ஹால்டரைக் கழற்றி, நீங்கள் முதலில் பின்வாங்குங்கள். குட்டிகள் விடுபட்ட உற்சாகத்தில் திரும்பிப் பின்னங்காலை வீசும், பலருக்குக் காயம் படுவது அங்கேதான். ஹால்டரை மாட்டியபடியே மேய விடாதீர்கள், வேலியில் சிக்கிக்கொள்ளும்.

கேரட்டை நான் முழுக்க விலக்கச் சொல்லமாட்டேன். கையிலிருந்தும் பையிலிருந்தும் கொடுப்பதை மட்டும் நிறுத்துங்கள். பாடம் முடிந்து லாயத்துக்குள் வந்தபின் வாளியில் போடுங்கள். கடிக்க வந்தால் முகத்தில் அறையாதீர்கள். சில குட்டிகளுக்கு அது விளையாட்டாகிவிடும், மற்றவை கை தூக்கினாலே தலையை வெட்டி இழுக்கும். முழங்கையைச் சற்று வெளியே நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், அவனே வந்து இடித்துக்கொள்வான்.

ஒரு பாடம் 10, 15 நிமிடம் போதும். நன்றாக வந்த ஓர் அடியோடு முடியுங்கள். பாடம் முடிந்தபின்னும் அதே விதிதான்: தண்ணீர் காட்டப் போகும்போதும் குளம்பு வெட்ட நிறுத்தும்போதும், அவனைப் பிடிக்கும் ஒவ்வொருவரும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்து ஒருவர் விடாமல் பிடித்தால், எப்போதாவது பலிக்கிற பழக்கம் எப்போதும் பலிப்பதைவிடக் கெட்டியாக வேர் பிடிக்கும். துணையைப் பிரிந்து போவதால்தான் நிற்கிறான் என்று தோன்றினால், முதலில் சாதுவான குதிரை ஒன்றை முன்னே விட்டு நடத்தி, நாளுக்கு நாள் இடைவெளியைக் கூட்டுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்லுக்கு நடக்கிறான், சொல்லுக்கு நிற்கிறான், கயிறு இறுகாமல் இரண்டடி பின்னால் போகிறான், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருகிறான் என்ற நிலை வரும்வரை அவளிடம் கயிற்றைக் கொடுக்காதீர்கள். வந்தபிறகும் இரண்டு கயிறு மாட்டுங்கள். அவள் ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம், உங்கள் கயிறு தொய்வாக. அவள் சொல்லட்டும், அவன் கேட்காதபோது மட்டும் நீங்கள் கை கொடுங்கள். இடையில் ஒருமுறையாவது முன்னங்கால்களைத் தூக்கி நேரே எழுந்து நின்றான் என்றால் தனியாகத் தொடர வேண்டாம். இளங்குதிரைகளைப் பழக்கிய ஒருவரை நேரில் வரவழைத்து, அவன் எழும்புவதற்கு முன் உங்கள் கை கயிற்றில் என்ன செய்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.