பிங் பதில் சொல்கிறது, ஆள் எழும்பவில்லை

கேள்வி: அண்ணா, ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். 16 ஜிபி ரேமும் ஒரே ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷினில், ஒரு கணினிக்குள் பல கணினிகளை ஓட்ட உதவும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு மூன்று விர்ச்சுவல் மெஷின் ஓட்டுகிறோம். செக்ரோல் (வேலையாட்களின் வரவு, சம்பளப் பதிவு) விண்டோஸுக்கு 8 ஜிபி, கொழுந்து நிறை விண்டோஸுக்கு 6 ஜிபி, ஃபைல் வைக்கும் லினக்ஸுக்கு 4 ஜிபி. நினைத்த நேரத்தில் மூன்றும் சேர்ந்து உறைந்து போகின்றன. நெட்வொர்க்கில் பிங் (‘இருக்கிறாயா?’ என்ற கேட்பு) அனுப்பினால் பதில் வருகிறது, லாகின் ஆகாது. உள்ளே லாக்கில் (நிகழ்வுப் பதிவில்) ஒன்றுமே இல்லை. ரீசெட் அடித்தால் சில நாள் ஓடும்.

பதில்: ரீசெட் பட்டனிலிருந்து முதலில் கையை எடுங்கள், தம்பி. எழுதிக்கொண்டிருக்கும்போது அறுத்துவிட்டால் செக்ரோல் டேட்டாபேஸ் கெடும். பத்தாம் திகதி சம்பளத்துக்கு யார் பதில் சொல்வது?

மூன்றும் சேர்ந்து நிற்கின்றன என்று எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒன்று மட்டும் நின்றால் அதற்குள்ளே தேடலாம். மூன்றும் நின்றால் கோளாறு அடியில், மூன்றையும் சுமக்கும் ஹோஸ்ட் மெஷினில். பிங்குக்குப் பதில் சொல்ல டிஸ்க் தேவையில்லை, ரேமில் இருக்கும் கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்லிவிடும். லாகினுக்கு டிஸ்க்கைத் தொட்டாக வேண்டும். லாக் வெறுமையாக இருப்பதும் அதனால்தான்: லாக்கையும் அந்த டிஸ்க்கில்தானே எழுத வேண்டும்?

இனிக் கணக்கு. எட்டும் ஆறும் நாலும் பதினெட்டு. கையில் இருப்பது 16, அதிலும் ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் பங்கு உண்டு. லினக்ஸ் மெஷின் ஃபைல் கேஷ் (படித்த ஃபைல்களை ரேமிலேயே வைத்துக்கொள்வது) என்று நாளாக நாளாகத் தன் 4 ஜிபியையும் நிரப்பிக்கொள்ளும். அதுவரை நல்லபிள்ளை. பிறகு இடம் போதாமல் ஹோஸ்ட் ரேமில் உள்ளதை ஸ்வாப்புக்கு, அதாவது டிஸ்க்குக்கு, தள்ளும். மூன்று மெஷின் வேலையோடு அதையும் அந்த ஒற்றை டிஸ்க்தான் சுமக்கிறது.

அடுத்த முறை உறையும்போது ப்ராக்ஸ்மாக்ஸ் சம்மரி பக்கத்தில் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைக் காட்டும் ‘ஐஓ டிலே’ சதவீதத்தைப் பாருங்கள், நேரத்தையும் குறித்து வையுங்கள். பேக்கப் ஓடும் நேரத்தோடு ஒத்துப்போனாலும் ஆச்சரியமில்லை. ஹோஸ்டின் கர்னல் லாக்கில் ஒரு புரோசஸ் 120 விநாடிக்கு மேல் தடைப்பட்டு நின்றதாக வரி இருந்தால் டிஸ்க் பக்கம்தான் சிக்கல். அப்படியே டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5 (கெட்டு மாற்றப்பட்ட இடங்கள்), 197 (கெட்டதாகச் சந்தேகப்படும் இடங்கள்) என்ற இரண்டு எண்களுக்கு எதிரே பூச்சியம்தானா என்றும் பாருங்கள். 197 ஏறிக்கொண்டே போனால் கதை வேறு: பேக்கப் எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். இல்லையென்றால் இப்போதைக்குக் கொழுந்து மெஷினை 4 ஜிபிக்கும் லினக்ஸை 2 ஜிபிக்கும் இறக்குங்கள். காசு கிடைத்ததும் ரேம், அதற்குப் பிறகு எஸ்எஸ்டி. தொரையிடம் ஒரே பில்லில் இரண்டையும் கேட்காதீர்கள், இரண்டும் கிடைக்காது.

இந்த விஷயத்தில் நானும் அடி வாங்கியவன்தான். அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட் (பிழைத்தால் திரும்பிப் போக மெஷினின் அந்த நேரத்து நிலை) எடுத்துவிட்டு அழிக்க மறந்தேன். ஏழு மாதம் சத்தமில்லாமல் ஊதி, தின் ஸ்டோரேஜ் (தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் எடுக்கும் சேமிப்பு) முழுவதும் நிரம்பி, சம்பளத்துக்கு முந்தின இரவு மெஷின் ‘ஐஓ எரர்’ என்று மஞ்சள் முக்கோணத்தோடு நின்றது. காலைப் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஆட்கள் வரும்வரை தூங்கவில்லை. உங்களிடம் பழைய ஸ்னாப்ஷாட் ஏதும் கிடக்கிறதா, பாருங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் படிக்கிறேன். விண்டோஸ் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 4 கோர். விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு லினக்ஸுக்கு 6 ஜிபியும் 4 கோரும் கொடுத்தும் அடிக்கடி அசையாமல் நிற்கிறதே?

பதில்: எல்லாக் கோரையும் கொடுத்துவிட்டால் விண்டோஸ் எதில் ஓடும், தங்கச்சி? 2 கோர், 3 ஜிபி போதும். உபுண்டு ஜன்னலின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் அதை அணைத்துவிட்டு லேப்டாப்பை மறுபடி பூட் செய்யுங்கள். அதன் பிறகும் ஆமை போகவில்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு வசதி ஆனில் இருக்கும், அதுவும் ஹைப்பர்-வியை எழுப்பிவிடும்.