கேட்டீர்கள்: குளிர்காலச் சைக்கிளும் கால்விரல்களும்

கேள்வி: டான்ஃபோர்த் பக்கம் குடியிருக்கிறேன். நகர மையத்தில் ஓர் உணவகத்தில் வேலை, சைக்கிளில்தான் போய்வருகிறேன். டிசம்பர் பிறந்தால் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. ரன்னிங் சப்பாத்துக்குள் இரண்டு சோடிக் காலுறை போட்டும் பயனில்லை. விலை கூடிய குளிர்காலச் சப்பாத்து வாங்கட்டுமா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: பொறுங்கள் தம்பி. காசை எடுப்பதற்கு முன் அந்த இரண்டாவது காலுறையைக் கழற்றுங்கள். ஒரு காலுறைக்கு அளவு பார்த்து வாங்கிய சப்பாத்துக்குள் இரண்டைத் திணித்தால் இரத்த ஓட்டம் நெரிபடும். சூட்டைப் பிடித்துவைக்க வேண்டிய காற்றுக்கும் இடமிராது. உள்ளே விரல்களைத் தாராளமாக மடக்கி விரிக்க முடியவேண்டும். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். மெரினோ கம்பளியில் ஒரு சோடி போதும். அது நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

அடுத்தது மட்கார்ட். உங்கள் சைக்கிளில் அது இல்லை என்றே ஊகிக்கிறேன். வீதியில் உப்புப் போடுவதால் பூச்சியத்துக்குக் கீழேயும் பனி உறையாமல் கூழாகக் கிடக்கிறது. முன்சில்லு அதை வாரி நேரே உங்கள் பாதத்தில் இறைக்கிறது. மேலே குட்டையாக மாட்டும் பிளாஸ்டிக் துண்டு இதற்கு உதவாது. சில்லைச் சுற்றி வரும் முழுநீள மட்கார்ட் வேண்டும்; அதன் கீழ்நுனியில் தரைக்கு அரைச் சாண் உயரம்வரை தொங்கும் ஒரு மடல் வேண்டும். சவர்க்காரத் திரவம் வந்த வெறும் போத்தலை வெட்டி, இரண்டு சின்ன ஆணியும் நட்டும் போட்டு முடுக்கினால் மடல் தயார். விலை கூடிய சப்பாத்தைவிட இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

இனிக் காற்று. மையத்துக்குப் போக டான் பள்ளத்தாக்குப் பாலத்தைக் கடப்பீர்கள். அங்கே ஒதுங்க ஒரு சுவர்கூட இல்லை. வெப்பநிலை -10 பாகையாகவும் காற்று மணிக்கு 20 கிலோமீட்டராகவும் இருந்தால், கனடிய வானிலைக் கணக்கின்படி உடம்புக்கு அது -18 போல் உறைக்கும். ரன்னிங் சப்பாத்தின் வலைத்துணி அந்தக் காற்றைத் தடுக்காது. சப்பாத்துக்கு மேல் மாட்டும் நியோப்ரீன் (ரப்பர் போன்ற பொருள்) உறை நல்லது. கைவசம் இல்லாத நாளில், காலுறைக்கு மேலே பாண் வந்த பையைப் போட்டுச் சப்பாத்துக்குள் காலை விடுங்கள். வியர்வை உள்ளேயே தங்கும் என்பதால் வேலையிடத்தில் வேறு காலுறை மாற்றிக்கொள்ளவேண்டும். கணுக்காலையும் மூடுங்கள், அங்கே தோலுக்கு அருகே ஓடும் இரத்தம் குளிர்ந்தால் விரலுக்குச் சூடு எப்படிப் போய்ச் சேரும்?

பெட்ரோல் கிடைக்காத 1990களில் யாழ்ப்பாணத்தையே சைக்கிளில் சுற்றியவர்கள்கூட இங்கே ஜனவரியில் தடுமாறுகிறார்கள். அங்கே நனைந்த காலை வெயில் காயவைத்துவிடும்.

கேள்வி: நனைந்த சப்பாத்தை ஹீட்டர்மேல் வைத்தேன். அடிப்பாகம் கழன்றுவிட்டது. வேறு வழி?
– வாசகி, மார்க்கம்

பதில்: கடும் சூட்டில் பசை இளகும், தோல் வெடிக்கும். உள்தட்டை வெளியே எடுத்துவிட்டுப் பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை அடையுங்கள். தாள் ஊறியதும் மாற்றுங்கள், காலையில் உலர்ந்திருக்கும். எங்கள் இதழைக் கிழிக்கவேண்டாம், பளபளப்புத் தாள் ஈரத்தை உறிஞ்சாது! தமிழ்க் கடைவாசலில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகைகளே இதற்கு உத்தமம். தோலில் வெள்ளையாகப் படியும் உப்பை, வினாகிரி கலந்த தண்ணீரால் துடைக்கலாம்.

கேள்வி: நீரிழிவுள்ள என் அப்பா, சைக்கிள் ஓட்டும்போது சப்பாத்துக்குள் சூட்டுப் பொதி வைக்கிறார். சரியா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: உடனே நிறுத்தச் சொல்லுங்கள் பிள்ளை. பொதிக்குள் இருப்பது இரும்புத் தூள். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து சூடாகிறது. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. குளிரில் விரல் வெளிறி மரத்துப்போனாலும் தேய்க்கக்கூடாது, தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும். தினமும் இரவில் அவருடைய பாதத்தை, விரலிடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள். ஏப்ரல்வரை அவர் பஸ்ஸில் போகட்டும். கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.