மாட்யூல் இருக்கிறது, பவர்ஷெல்லுக்குத்தான் தெரியவில்லை

பவர்ஷெல் என்பது கட்டளை அடித்துக் கணினியை இயக்கும் கருவி, மாட்யூல் என்பது அதற்குக் கூடுதல் கட்டளைகள் தரும் தொகுப்பு. பவர்ஷெல்லில் மாட்யூல் நிறுவுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறோம். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். குறியீடுகளும் இடைவெளிகளும் இங்கே உள்ளபடியே இருக்கட்டும்.

கேள்வி: விண்டோஸ் 10, பவர்ஷெல் 5.1. 'இன்ஸ்டால்-மாட்யூல் இம்போர்ட்எக்செல்' என்று கொடுத்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கேட்கிறது. அலுவலகக் கணினியில் எனக்கு அந்த உரிமை கிடையாது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. 5.1-உடன் வரும் பழைய பவர்ஷெல்கெட் (மாட்யூல்களை இறக்கி நிறுவும் கருவி), மாட்யூலை எல்லாப் பயனர்களுக்குமாக 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் வைக்கப் பார்க்கிறது. அங்கே எழுத அட்மின் உரிமை வேண்டும். கட்டளையின் முடிவில் '-ஸ்கோப் கரன்ட்யூசர்' என்று சேருங்கள். மாட்யூல் உங்கள் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டருக்குள் போய்விடும், உரிமைப் பிரச்சினை வராது.

முதல் முறை நிறுவும்போது இரண்டு கேள்விகள் வரும். 'நியூகெட் புரொவைடர் (களஞ்சியத்தோடு பேச உதவும் துணைக் கருவி) வேண்டும், நிறுவட்டுமா?' என்பது முதலாவது. இதற்கு என்டர் தட்டினால் 'ஆம்' என்றே எடுத்துக்கொள்ளும். 'இந்தக் களஞ்சியம் நம்பகமானதாகக் குறிக்கப்படவில்லை, தொடரலாமா?' என்பது இரண்டாவது. இதற்கு என்டர் தட்டினால் 'இல்லை' என்று பொருள், நிறுவல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே 'ஒய்' அடித்து என்டர் தட்டுங்கள். இந்தக் கேள்வியே வராதபடி, மாட்யூல்கள் இறங்கும் இணையக் களஞ்சியமான பவர்ஷெல் கேலரியை நிரந்தரமாக நம்பகமானதாக்கச் சொல்வோர் உண்டு. எங்கள் பரிந்துரை அதுவல்ல. கேலரியில் யார் வேண்டுமானாலும் மாட்யூல் ஏற்றலாம், ஓர் எழுத்து பிசகினாலும் வேறொருவருடைய மாட்யூல் வந்து உட்காரலாம். முதலில் 'ஃபைண்ட்-மாட்யூல்' கட்டளையால் பெயரையும் ஆசிரியரையும் சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள்.

கேள்வி: பழைய சர்வர் ஒன்றில் 'பேக்கேஜ் மூலத்தைக் கண்டறிய முடியவில்லை' என்ற பிழை வருகிறது. இணையம் நன்றாகவே வேலை செய்கிறது.

பதில்: இணைய இணைப்பைப் பாதுகாக்கும் நெறிமுறை டிஎல்எஸ். பவர்ஷெல் கேலரி 2020 ஏப்ரலில் அதன் 1.0, 1.1 பதிப்புகள் இரண்டையும் கைவிட்டது. பழைய விண்டோஸில் பவர்ஷெல் 5.1 இன்னமும் பழைய நெறிமுறையில் பேச முயல்கிறது. கேலரி இணைப்பைத் துண்டிக்கிறது. பிழைச் செய்தியில் டிஎல்எஸ் என்ற சொல்லே வராததால் பலரும் நெட்வொர்க்கைச் சந்தேகிக்கிறார்கள். நிறுவும் முன் அதே விண்டோவில் இந்த வரியை ஓட்டுங்கள்:

[நெட்.சர்வீஸ்பாயின்ட்மேனேஜர்]::செக்யூரிட்டிபுரோட்டோகால் = [நெட்.சர்வீஸ்பாயின்ட்மேனேஜர்]::செக்யூரிட்டிபுரோட்டோகால் -பிஓஆர் [நெட்.செக்யூரிட்டிபுரோட்டோகால்டைப்]::டிஎல்எஸ்12

நடுவிலுள்ள '-பிஓஆர்' ஏற்கெனவே இருப்பவற்றோடு 1.2-ஐச் சேர்க்கிறது. அதை விட்டுவிட்டு நேரடியாக 1.2 மட்டும் கொடுத்தால் மற்றவை அழிந்துபோகும். விண்டோவை மூடினால் இந்த மாற்றமும் போய்விடும். இதற்குப் பிறகும் அதே பிழை வந்தால் அடுத்து பார்க்க வேண்டியது பிராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) அமைப்பு.

கேள்வி: 5.1-இல் நிறுவிய மாட்யூல் அங்கே ஓடுகிறது. பவர்ஷெல் 7-இல் 'கட்டளை இல்லை' என்கிறது. ஒரே கணினிதானே?

பதில்: கணினி ஒன்றுதான், தேடும் இடங்கள் வேறு. 5.1 உங்கள் 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே 'விண்டோஸ்பவர்ஷெல்\மாட்யூல்ஸ்' ஃபோல்டரைப் பார்க்கும். 7 பார்ப்பது 'பவர்ஷெல்\மாட்யூல்ஸ்'. எல்லாப் பயனர்களுக்குமாக 'புரோகிராம் ஃபைல்ஸ்\விண்டோஸ்பவர்ஷெல்\மாட்யூல்ஸ்' உள்ளே நிறுவியவை பொதுவாக 7-க்கும் தெரியும். அதனால்தான் சில மாட்யூல்கள் இரண்டிலும் கிடைக்க, சில ஒன்றில் மட்டும் கிடைத்துக் குழப்புகின்றன.

இரண்டு விண்டோவிலும் இதை ஓட்டி ஒப்பிடுங்கள்: $என்வி:பிஎஸ்மாட்யூல்பாத் -ஸ்ப்லிட் ';'. வரும் பட்டியலில் இல்லாத ஃபோல்டரில் மாட்யூல் இருந்தால், பவர்ஷெல்லைப் பொறுத்தவரை அது இல்லாத மாதிரிதான். 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் வசம் எடுத்திருந்தால் பாதையும் மாறியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

ஃபோல்டரை வெட்டி ஒட்டாமல் பவர்ஷெல் 7-ஐத் திறந்து அதற்குள்ளிருந்தே மறுபடி நிறுவுங்கள். 5.1-க்கென்றே எழுதப்பட்ட மாட்யூல் என்றால் 'இம்போர்ட்-மாட்யூல்' கட்டளையோடு '-யூஸ்விண்டோஸ்பவர்ஷெல்' சேர்க்கலாம். அப்படி வரும் ஆப்ஜெக்ட்களில் (கட்டளை திருப்பித் தரும் விடைகளில்) தகவல் இருக்கும், ஆனால் அவற்றின் மெத்தட்களை, அதாவது அவற்றுக்குரிய செயல்களை, அழைக்க முடியாது.

கேள்வி: இணையம் இல்லாத கணினிக்கு ஜிப் கோப்பாகக் கொண்டுபோய் விரித்தேன். மாட்யூல் லோடு ஆகவில்லை.

பதில்: முதலில் ஃபோல்டரின் பெயரைப் பாருங்கள். மாட்யூலின் பெயரும் அதைத் தாங்கும் ஃபோல்டரின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்ஹப்பிலிருந்து இறக்கும் ஜிப்பில் பெயருக்குப் பின்னால் '-மாஸ்டர்' அல்லது '-மெயின்' ஒட்டியிருக்கும். போதாததற்கு, விரிக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் உருவாகிவிடும். பெயரைத் திருத்தி, மாட்யூலின் விவரங்களைத் தாங்கும் .பிஎஸ்டி1 கோப்பு அந்த ஃபோல்டரின் நேர் அடியிலோ, பதிப்பு எண்ணைப் பெயராகக் கொண்ட துணை ஃபோல்டரிலோ இருக்கும்படி வையுங்கள்.

அடுத்த தடை, இணையத்திலிருந்து வந்த கோப்பு என்று விண்டோஸ் இடும் முத்திரை. விரிக்கும் முன்பே ஜிப்பின் மீது 'அன்பிளாக்-ஃபைல்' ஓட்டினால் உள்ளே இருப்பவையும் முத்திரை இல்லாமல் வெளிவரும். 'ஸ்கிரிப்ட்கள் முடக்கப்பட்டுள்ளன' என்று செய்தி வந்தால் 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரன்ட்யூசர்' போதும். 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வரை போக வேண்டியதே இல்லை.

இதைவிட நல்ல வழி, இணையமுள்ள கணினியில் 'சேவ்-மாட்யூல் -நேம் பெயர் -பாத் இ:\மாட்யூல்ஸ்' என்று எடுப்பது. சார்ந்திருக்கும் மாட்யூல்களையும் சேர்த்தே இறக்கும். கையால் இறக்கினால் விட்டுப்போவது பெரும்பாலும் அவைதான்.

கேள்வி: 'அப்டேட்-மாட்யூல்' செய்த பிறகும் பழைய பதிப்பே ஓடுகிறது. பெஸ்டர் மாட்யூலோ அப்டேட்டே ஆக மறுக்கிறது.

பதில்: திறந்திருக்கும் விண்டோவில் பழைய பதிப்பு ஏற்கெனவே லோடு ஆகியிருக்கும். புது விண்டோவைத் திறவுங்கள். அப்டேட் பழையதை நீக்காது, பக்கத்தில் புதியதை வைக்கும். 'கெட்-இன்ஸ்டால்டுமாட்யூல் பெயர் -ஆல்வெர்ஷன்ஸ்' கொடுத்தால் எல்லாம் தெரியும். வேண்டாததை 'அன்இன்ஸ்டால்-மாட்யூல்' கட்டளையில் '-ரிக்வயர்டுவெர்ஷன்' கொடுத்து நீக்குங்கள்.

ஸ்கிரிப்ட்களைச் சோதிக்கும் மாட்யூலான பெஸ்டரின் 3.4.0 பதிப்பு விண்டோஸ் 10 உடனேயே வருவது. 'இன்ஸ்டால்-மாட்யூல்' வழியே நிறுவப்படாததை 'அப்டேட்-மாட்யூல்' தொடாது. புதிய பதிப்பின் டிஜிட்டல் கையொப்பமும் (வெளியிட்டவர் யாரென்று காட்டும் அடையாளம்) வேறு என்பதால் சாதாரணமாக நிறுவினாலும் மறுக்கும். 'இன்ஸ்டால்-மாட்யூல் பெஸ்டர் -ஃபோர்ஸ் -ஸ்கிப்பப்ளிஷர்செக் -ஸ்கோப் கரன்ட்யூசர்' என்று ஒருமுறை நிறுவுங்கள். காரணம் தெரிந்த இந்த இடத்தில் மட்டும் '-ஸ்கிப்பப்ளிஷர்செக்' பயன்படுத்துங்கள். வேறு மாட்யூலில் கையொப்பப் பிழை வந்தால் வெளியிட்டவர் யாரென்று பார்க்காமல் அதைத் தாண்டாதீர்கள்.