நடுச்சாமத்தில் எழும்பி வந்தவருக்கு

அன்பின் ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கூத்தின் இரு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை நித்திரையில் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் மூதூர்ப் பக்கத்தில் ஒரு கோயிலில் விடியவிடியக் கூத்து என்று ஆசையோடு போய், பன்னிரண்டு மணிக்கே எழும்பி வந்துவிட்டேன். ஒருவர் வருகிறார், ஆடுகிறார், போகிறார். பிறகு அடுத்தவர் வருகிறார். கதை நகரவே இல்லை. படிப்பிக்கிற எனக்கே ரசிக்கத் தெரியவில்லை என்றால் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல? நாடக வரலாறு பற்றி எதையெதை வாசித்தால் நாடகம் பார்க்கப் பழகலாம்? யூடியூப்பில் பார்த்துப் பழகினால் போதாதா?

இப்படிக்கு,
ச.

அன்பின் ச.,

நீங்கள் எழும்பி வந்த நேரத்தில் பாத்திரங்களின் வரவுகளே முடிந்திருக்காது. விடியவிடிய ஆடும் கூத்தில் முன்னிரவு அவற்றுக்கு உரியது. கட்டியகாரன் வந்து அரசன் வரப்போவதைச் சொல்வான். அரசன் வந்து தன்னைத் தானே பாடி ஆடுவான். பிறகு மந்திரி, பிறகு அரசி. கர்ணன் விழுவது, அபிமன்யு விழுவது எல்லாம் கோழி கூவும் நேரத்துச் சங்கதி. ஊர்ச் சனங்களுக்கு இது தெரியும். அதனால்தான் பாயோடு வருகிறார்கள், இடையில் ஒரு நித்திரை கொள்கிறார்கள், தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள், மருமகன் ஆடும்போது மட்டும் மாமி எழும்பி உட்காருகிறார். அதுவும் ரசனைதான். மண்டபத்துக் கதிரையில் அசையாமல் இருந்து ஒரு மணி நேரம் பார்க்கும் பழக்கத்தை அங்கே கொண்டுபோனால் பொறுமை போகத்தான் செய்யும்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். எதை வாசித்தாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்: இதைப் பார்த்த ஆக்கள் எங்கே இருந்தார்கள்? நம்முடைய நாடக வரலாற்று நூல்களில் பெரும்பாலானவை யார் எழுதினார், யார் நடித்தார், எந்த ஆண்டு என்றே போகும். பரீட்சைக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. பார்த்தவன் அதில் அநேகமாக வரமாட்டான். அவனை நாம்தான் தேடி எடுக்கவேண்டும்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை எடுங்கள். அரங்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று வகுப்பில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஒரு கோல் என்பது 24 பெருவிரல். பெருவிரலை ஓர் அங்குலம் என்று வைத்தால் கோலுக்கு இரண்டு அடி. அப்படியானால் மாதவி ஆடிய அரங்கு ஏறத்தாழ 16 அடிக்கு 14 அடி, தரையிலிருந்து இரண்டு அடி உயரம். உங்கள் வகுப்பறை இதைவிடப் பெரிதாக இருக்கும். பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்பால் கீறி, ஒரு பிள்ளையை உள்ளே நிற்கவிட்டு, மற்றவர்களை முன்னால் இருத்திப் பாருங்கள். விரல் அசைவும் கண் அசைவும் ஏன் அவ்வளவு நுணுக்கமாக வகுக்கப்பட்டன என்பது அப்போது விளங்கும். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கவேண்டும் என்று இளங்கோ ஒரு குறிப்பும் தருகிறார். இருந்து பார்ப்பவனின் கண்ணை நினைத்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

இதை முடித்த கையோடு சி. மௌனகுருவின் 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' நூலை வாசியுங்கள். அவருடைய கலாநிதிப் பட்ட ஆய்விலிருந்து வந்த நூல். தலைப்பில் மட்டக்களப்பு இருந்தாலும் கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் உள்ள நமக்கும் அது அந்நியமில்லை. கூத்து ஆடும் வட்டக்களரி அதில் வடிவாக விளக்கப்பட்டிருக்கிறது. மண்ணால் வட்டமாக உயர்த்திய மேடை, நடுவில் மத்தளத்தோடு கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார், பக்கத்தில் சல்லரி என்ற தாளம் போடுபவரும் பிற்பாட்டுக்காரரும். ஆடுபவர்கள் இவர்களைச் சுற்றி ஆட, சனம் நாலு பக்கமும் இருக்கும். இங்கே முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு முகம் தெரியும் கணத்தில் எதிரே இருப்பவருக்கு முதுகுதான் தெரியும். அதனால் முகத்தை நம்பி அங்கே ஆட முடியாது. கால்களை நம்பித்தான் ஆடவேண்டும். நீங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கதைக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை முதல் இரண்டு மணி நேரம் கால்களை மட்டும் பாருங்கள். அரசனின் தாளக்கட்டு, அதாவது ஆட்டத்துக்கான சொற்கட்டு, வேறு, பெண் பாத்திரத்தின் தாளக்கட்டு வேறு. ஆள் யாரென்று பாட்டில் வருவதற்கு முன்பே சதங்கை சொல்லிவிடும். அப்புறம் எழும்பிப் போய் எதிர்ப்பக்கத்தில் இருந்து பாருங்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்து மேடையேறிய கதையையும் இதே கேள்வியோடு வாசிக்கலாம். 1956 இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்கைப் புரட்டிப் போட்டது. அவர் எடுத்தாண்ட 'நாடகம' என்ற சிங்கள நாட்டார் அரங்க வடிவமே தமிழ்க் கூத்திலிருந்து போனதுதான். பிறகு பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்கி 1962 இல் 'கர்ணன் போர்', அதற்குப் பின்னர் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' என்று மேடையேற்றினார். இரவு முழுக்க ஆடியது ஒன்றரை மணி நேரம் அளவுக்குச் சுருங்கியது, வட்டக்களரி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை ஆனது, நடுவில் நின்ற அண்ணாவியார் ஓரத்துக்குப் போனார். நகரத்து ஆள் கூத்தைப் பார்க்க வந்தது இதனால்தான், அதை மறுக்கமாட்டேன். 'இராவணேசன்' போன்ற ஒன்றில் இராவணன் வெறும் அரக்கனாக இல்லாமல் மனக்கொந்தளிப்புள்ள மனிதனாக வந்ததற்கும், முகம் தெரியும் மேடை ஒரு காரணம் என்பது என் எண்ணம். (கோணேசர் கோயில் பாறையில் உள்ள இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த திருமலைக்காரருக்கு அவன் என்றைக்கும் அரக்கன் இல்லை, அது வேறு கதை.) ஆனால் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து ஆடத் தொடங்கியதும் நான்கு பக்கத்துக்கென்று பிறந்த ஆட்டம் மெலிந்தது. இன்றைக்கு நாடகப் போட்டிகளில் மேலே தொங்கும் ஒலிவாங்கிக்குக் கீழே வரிசையாக வந்து நின்று பாடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

நகரத்துச் சபைகள் போட்ட சபா நாடகம் பற்றி அறிய பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' போதும். 1891 இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஒத்திகை, திரை, உடுப்பு, யார் பார்க்க வந்தார்கள் என்று ஆற அமரப் பேசுவார். அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கத்தின் 'ஈழத்தில் நாடகமும் நானும்' நம் நாட்டுக் கதை. இரண்டுமே ஆய்வு நூல்கள் இல்லை, தன் புகழும் கொஞ்சம் உண்டு, ஆனாலும் பார்வையாளனின் சத்தம் அவற்றில் கேட்கும். பேராசிரியர் கா. சிவத்தம்பியின் 'பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம்' பெரிய நூல். பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் செய்த ஆய்வு அது. ஆனால் அதில் தொடங்கவேண்டாம். நாலைந்து நாடகம் பார்த்த பிறகு எடுங்கள். விபுலாநந்தரின் 'மதங்க சூளாமணி' 1926 இல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் அவர் நமது திருகோணமலை இந்துக் கல்லூரியோடு இருந்தவர் என்பதாலாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சேக்ஸ்பியரைச் செகசிற்பியார் ஆக்கி, அவருடைய 12 நாடகங்களைத் தமிழ் இலக்கணம் சொல்லும் மெய்ப்பாடுகளோடு (உணர்ச்சி வெளிப்பாடுகளோடு) வைத்துப் பார்க்கிறார். நடை கடினம். கடையில் கிடைக்காத ஈழத்து நூல்கள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாக உள்ளன.

அச்சான கூத்துப் பிரதி எதையாவது எடுத்தால் ஒரு எச்சரிக்கை. வித்தியானந்தன் பதிப்பித்த 'அலங்காரரூபன் நாடகம்' போன்றவற்றைக் கவிதை என்று வாசித்தால் ஏமாற்றமாக இருக்கும். தாளக்கட்டு ஒரு வரியாக அச்சாகியிருக்கும், கண் அதைத் தாண்டி ஓடிவிடும். களரியில் அந்த ஒரு வரி நிமிடக்கணக்கில் ஆடப்படும்.

யூடியூப்பைப் பற்றி: பழகலாம், பார்த்துவிட்டதாக நினைக்கமுடியாது. கமரா பாடுகிறவரின் முகத்துக்கே போகும், இடுப்புக்குக் கீழே வெட்டிவிடும். அண்ணாவியார் எந்தக் கணத்தில் ஆடுபவரைப் பார்த்து மத்தளத்தை மாற்றினார் என்பது தெரியாது. தாளக்கட்டுகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக் காதைப் பழக்க அது உதவும், அவ்வளவுதான். அதைவிட, மூதூர், சேனையூர்ப் பக்கத்தில் கூத்துப் பழக்கம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால் அரங்கேற்றத்துக்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பழக்கம் மாதக்கணக்கில் நடக்கும், யாரும் துரத்தமாட்டார்கள். ஒரு காலடியை அண்ணாவியார் பத்துத் தரம் ஆடவைப்பதைப் பார்த்த பிள்ளை, அரங்கேற்றத்தன்று அந்த இடம் வரும்வரை நித்திரை கொள்ளாது.

கூத்துக்கு வெளியே ஒன்று தரவேண்டும் என்றால் ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் 'புதியதொரு வீடு'. கடலுக்குப் போனவன் செத்துவிட்டான் என்று நம்பி அவன் மனைவி அவனுடைய தம்பியை மணக்கிறாள். பிறகு அவன் திரும்பி வருகிறான். 'சிறுநண்டு மணல் மீது' என்ற பாட்டு இந்த நாடகத்தில் வருவதுதான். பா நாடகம் (செய்யுளில் எழுதிய நாடகம்) என்று பயப்படவேண்டாம், பேச்சு மாதிரியே ஓடும். கடற்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதைக்கு விளக்கவுரை தேவையில்லை. மேடை வேண்டாம், மைதானத்தில் வட்டமாக இருத்தி முதலில் வாய்விட்டு வாசிக்க வையுங்கள். பாத்திரம் பிரிப்பதெல்லாம் அப்புறம்.

அன்புடன்.