ஸ்போர்ட்ஸ் கார் பிரேக் காலையில் கத்தினால் பேட் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. பிரேக் கீச்சு என்பது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை (வட்டத் தகட்டை) அழுத்தும் பேட் (உராய்வுக் கட்டை) வேகமாக அதிர்வதால் வரும் ஓசை. கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிடுவதைப் போல. ஸ்போர்ட்ஸ் பேடில் பொதுவாக உலோகத் தூள் அதிகம். சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும், குளிர்ந்திருந்தால் கத்தும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாதிரி கடலோர ஊரில் வெளியே நிறுத்தினால் ஒரே இரவில் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். அந்தச் சொரசொரப்பு நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். துளையிட்ட டிஸ்க்கில் லேசான ரீங்காரம் இயல்புதான். ஆனால் இரும்போடு இரும்பு அரைகிற மாதிரி கரகரத்தால், டர்பன் பக்கத்துச் செங்குத்துச் சாலையான பீல்ட்ஸ் ஹில் இறக்கத்தை நினைத்தே பார்க்காதீர்கள். காரை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

அப்புறம், சத்தமில்லாத பிரேக் எல்லாம் நல்ல பிரேக் அல்ல: பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பேட் தேய்மானத்தைச் சொல்வது, டிஸ்க்கில் உரசிக் கத்தும் கீச்சுத் தகடு இல்லை, டாஷ்போர்டு விளக்குதான்.