காட்டை எரிக்கும் வேலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் சென்னையை ஒட்டிய சேலையூர். அங்கே எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு மேற்படிப்புக்காக அமெரிக்காவில் இல்லினாய்க்கு வந்தேன். இப்போது ஒரு நிலப் பாதுகாப்பு அமைப்பில் பருவகால வேலை. இலையுதிர் காலத்திலும் மார்ச், ஏப்ரலிலும் புல்வெளிகளைத் திட்டமிட்டு எரிக்கும் குழுவில் இருக்கிறேன். அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். "எம்.எஸ்ஸி. படிச்சது காட்டைக் கொளுத்தவாடா?" என்றார். மலையேறப் போனவர்கள் தீயில் மாண்ட குரங்கணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் காட்டுத்தீ என்ற பேச்சையே எடுக்க முடியாது.

எரித்த இடத்தில் சில வாரங்களில் பச்சை கிளம்புவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். அடுத்த ஆண்டு ஊர் திரும்புகிறேன். நன்மங்கலம், வண்டலூர் பக்கத்துக் காடுகளில் சீமைக்கருவேலத்தை இப்படி எரித்து ஒழிக்க வனத்துறையிடம் ஒரு திட்டம் கொடுக்கலாம் என்று நண்பர்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன? இன்னொன்று, எரிக்கும்போது பூச்சிகளும் பாம்புகளும் சாகின்றன. அது உறுத்துகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்,

நன்மங்கலத்தை எரிக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் வேலை என்னவென்று தெரியாத வாசகர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இல்லினாயின் உயர்புல்வெளி தீயோடு சேர்ந்தே வளர்ந்தது. அந்தப் புல்லின் உயிர் மண்ணுக்கு அடியில், வேரில் இருக்கிறது. மேலே நிற்பது போன வருடத்துச் சருகு. அது எரிந்தால் மண்ணில் வெயில் விழும், மண் சீக்கிரம் சூடாகும், புல் முளைக்கும். எரியாமல் விட்டால் சில பத்தாண்டுகளில் புதரும் மரமும் ஏறிவிடும். அங்கிருந்த தொல்குடிகள் இதை அறிந்து எரித்துவந்தார்கள். பிறகு வந்தவர்கள் அவர்களைத் துரத்தினார்கள், நிலத்தை உழுதார்கள். வட அமெரிக்க உயர்புல்வெளியில் இன்று மிஞ்சியிருப்பது 4 சதவீதத்துக்கும் குறைவு. எந்தக் காட்டுத்தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935இல் அமெரிக்க வனத்துறை விதியே போட்டது. அதைக் கைவிட 1970கள் வரை ஆயிற்று. நீங்கள் இன்று சம்பளம் வாங்கிக்கொண்டு செய்வது, ஒரு காலத்தில் அங்கே தடுக்கப்பட்ட வேலை.

அம்மா நினைப்பதுபோல் இது கொளுத்தும் வேலை இல்லை என்பது உங்களுக்கே தெரியும். முக்கால்வாசி காத்திருப்பது, மீதியில் பெரும்பகுதி அணைப்பது. கடினப் பிரிவுக்கான உடல் தகுதித் தேர்வில் 20 கிலோ சுமையோடு ஏறத்தாழ 5 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும், ஓடக் கூடாது. அதெல்லாம் இருந்தும், குறித்த நாளில் ஈரப்பதம் இறங்கிவிட்டாலோ காற்று கூடிவிட்டாலோ எரிப்புக்குப் பொறுப்பான 'பர்ன் பாஸ்' வேண்டாம் என்று சொல்ல, எல்லோரும் வண்டியேறித் திரும்ப வேண்டும். வானிலை ஒத்துவந்தால் ஒரு மூலையில் சிறிதாகப் பற்றவைத்துப் பார்ப்பீர்கள். பிறகு காற்று போகும் பக்கத்து விளிம்பில் காற்றுக்கு எதிராக மெல்லத் தீயை நகர்த்தி, அகலமாக ஒரு கரும்பட்டையை எரித்து வைப்பீர்கள். மறுபக்கம் வைக்கும் பெருந்தீ காற்றோடு ஓடிவந்து அந்தப் பட்டையில் தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கும். கடைசியில் புகையும் கட்டைகளைத் தேடித் தேடி நீர் ஊற்றும் வேலை. இதில்தான் பலருக்குச் சலிப்பு வரும் என்று நினைக்கிறேன். 2022இல் நியூ மெக்சிகோவில் நடந்ததை உங்கள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஜனவரியில் எரித்த விறகுக் குவியல் ஒன்று பனிக்கு அடியிலேயே ஏப்ரல் வரை கனன்று கிடந்து எழுந்தது. ஏப்ரல் 6 அன்று கைமீறிய இன்னொரு திட்டமிட்ட தீயோடு அது கலந்து 3.41 லட்சம் ஏக்கரை எரித்தது. இரண்டையும் மூட்டியது அரசு வனத்துறை. அதன்பின் நாடு முழுவதும் அந்தத் துறை இத்தகைய எரிப்பை 90 நாட்கள் நிறுத்தி வைத்தது.

இனி நம் ஊர். உங்கள் குழு காற்றின் திசையை நம்பித்தான் கரும்பட்டை போடுகிறது. சென்னைக் கோடையில் காலையில் மேற்கிலிருந்து வரும் காற்று நண்பகலை ஒட்டிக் கடற்காற்றாகத் திரும்பிவிடும். என்றைக்கு எத்தனை மணிக்கு என்பது அன்றன்றைக்கு மாறும். பதினொரு மணிக்குப் பாதுகாப்பான பக்கமாக இருந்தது ஒரு மணிக்குத் தீயின் முன்பக்கமாகிவிடும். அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கும். புகையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஜனவரியின் அசையாத விடியற்காலையில் புகை மேலே ஏறாமல் தரையோடு படுத்துவிடுவதால், போகி அன்று மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போன ஆண்டுகள் உண்டு. பழைய பாயும் டயரும் செய்த வேலை அது. இத்தனை ஹெக்டேர் புதரை எரித்தால் ஜி.எஸ்.டி. சாலையின் கதி என்ன?

அதைவிட முக்கியமானது மரம். நன்மங்கலம், வண்டலூர், கிண்டி எல்லாம் காயா, களா, காரை என்று வளரும் உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள். மெல்ல வளரும் காடு. தீயால் இதற்கு ஒரு நன்மையும் இல்லை. நன்மங்கலத்துப் பழைய கல்குவாரியில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது, கல்லிடுக்கில் தரையிலேயே முட்டையிடும் பறவை. சீமைக்கருவேலமோ தீயில் மேல்பகுதி கருகினாலும் அடியிலிருந்து தழைத்துவிடும். களா போகும், சீமைக்கருவேலம் நிற்கும். அதை ஒழிக்க நம்பகமான வழி வேரோடு தோண்டுவது. படம் எடுத்துப் போட அழகாக இருக்காது, முதுகு வலிக்கும்.

இந்தியாவில் தீக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. காசிரங்காவில் ஆண்டுதோறும் வனத்துறையே நெடும்புல்லை எரிக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர் பழங்குடிகள் கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு மட்டும் எரிகிற சிறு தீயை வைத்துவந்தார்கள். 1974இல் அந்த மலை சரணாலயமானது, தீ நின்றது. உண்ணிச்செடி காட்டை மூடியதற்கும் நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் அவர்கள் சொல்லும் காரணம் இதுதான். அந்தப் பேச்சுக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். ஆனால் அதே யோசனையை நீலகிரிக்கு எடுத்துப் போக முடியாது. அங்கே வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரத்தின் விதை, சூடு பட்டால் கூட்டமாக முளைக்கும். இரண்டு மலைக்கும் நடுவே பேருந்தில் அரை நாள் தூரம்தான்.

ஆகவே ஊருக்கு வந்ததும் திட்டம் எழுதாதீர்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் கோடைக்கு முன் பாதையோரப் புல்லை வெட்டி, காயவைத்து, எரித்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். அதைச் செய்பவர்களில் நிறையப் பேர் தினக்கூலிக்கு வரும் பழங்குடிகள். உங்களுக்கு அங்கே தந்த தீத்தாங்கும் உடையும் வானொலிக் கருவியும் இல்லாமல், பச்சைத் தழையால் அடித்துத் தீயை அணைப்பவர்கள். நம் ஊரின் தீக்குழு அவர்கள்தான், நாம் அப்படிக் கூப்பிடுவதில்லை. அனுமதி வாங்கி ஒரு பருவம் அவர்களோடு நில்லுங்கள். அனுமதி இல்லாமல் போகவே கூடாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882ஆம் ஆண்டுச் சட்டம் முதலே குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் சிக்கியவர்கள் காய்ந்த புற்சரிவில் நின்றார்கள். சரிவில் தீ, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துக்கொண்டு, மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். உங்கள் குழுவில் எவரும் தப்பும் வழி பார்க்காமல் ஓர் அடி வைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே மலையேற வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் எந்த எரிப்பையும்விட எனக்குப் பெரிது.

பூச்சி, பாம்பு பற்றி. உறுத்தல் இருக்கட்டும், அது உங்களை ஒழுங்காக வேலை செய்ய வைக்கும். ஒரே ஆண்டில் முழுப் புல்வெளியையும் எரிக்காமல் துண்டு துண்டாகப் பிரித்து, ஓடி ஒளிய இடம் விடுவது அதற்காகத்தான். உங்கள் மேலாளர் விடவில்லை என்றால் கேளுங்கள்.

அமெரிக்கப் புல்வெளி மீட்பின் முன்னோடிகளில் ஒருவரான ஆல்டோ லியோபோல்ட், 1948 ஏப்ரலில் பக்கத்துப் பண்ணையில் பிடித்த புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். தீயணைப்புத் துறை மாதிரி ஒரு வேலை என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

எனக்கு ஓர் உதவி. உங்கள் குழுவின் எரிப்புத் திட்டத் தாள் ஒன்றை, அமைப்பின் அனுமதி கேட்டு, பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள். எந்தெந்த நிலைமையில் எரிக்கக் கூடாது என்ற பகுதியை மட்டும் தமிழில் இங்கே போட நினைக்கிறேன். மலையேற்றக் குழு நடத்தும் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள்.